சுங்கானும் கெளிறும்

கடலில் பிடித்ததற்குத்தான் எங்கள் வீட்டில் மீன் என்று பெயர். குளத்தில் பிடித்தது குளத்துமீன். அந்தக் 'குளத்து' என்பதைச் சொல்லும்போது ஐயாவின் மூக்கு கொஞ்சம் சுருங்கும். தகப்பனாரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். காணி கொடுக்கிறார்கள் என்று விசுவமடுவுக்கு வந்து, காடு வெட்டி, குளத்துத் தண்ணீரை வாய்க்காலில் இறக்கி நெல் விதைத்தார். அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றை மூன்று நேரமும் சாப்பிட்டார். அதே தண்ணீரில் வளர்ந்த மீனை மட்டும் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சேறு மணக்கும் என்பார்.

எங்களுக்கு மீன் முல்லைத்தீவுப் பக்கமிருந்து சைக்கிளில் வரும். மீன்காரர் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயில் பூசைக்குப் போவார், வெள்ளிக்கிழமை நாங்கள் மச்சம் சமைக்க மாட்டோம். மற்ற நாட்களில் அவருடைய மணிச்சத்தம் கேட்டால் ஐயா சட்டி எடுத்துக்கொண்டு தானே வேலிப் படலைக்குப் போவார். பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போது ஊரிலிருந்து கடிதம் வந்ததுபோல் அவருடைய முகம் இருக்கும்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், மார்கழி மழைக்குள் தங்கச்சி பிறந்தாள். மருத்துவிச்சி வீட்டுக்கு வந்துதான் பிள்ளை பார்த்தார். அவர் போன கையோடு மழை இன்னும் பலத்தது. பாலத்தடியில் வெள்ளம் றோட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. மீன்காரர் வரவில்லை. பிறகும் வரவில்லை.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஆட்கள் மல்லி, மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் அரைத்துச் சரக்குக் கறி வைத்துக் கொடுப்பார்கள். அதற்குள் போடுவதற்கு ஒரு மீன் வேண்டும். பாற்சுறா என்றால் பால் நன்றாகச் சுரக்கும் என்பார்கள். பாற்சுறா கடலில் இருந்தது. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் வெள்ளம் இருந்தது. அம்மா வெறும் சரக்குத் தண்ணீரில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். அவருக்குப் பால் போதவில்லை. தங்கச்சி குடிப்பாள், விடுவாள், அழுவாள். ஆட்டுப்பாலைத் தண்ணீர் கலந்து சங்கினால் பருக்கிப் பார்த்தார்கள். அவள் அதைக் கக்கிச் சத்தியெடுத்தாள். முதலில் ஓங்கி அழுதவள், போகப்போகச் சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். சத்தம் குறைந்தது நல்லது என்று நான் நினைத்தேன். வீட்டில் வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை.

பக்கத்து வளவில் ஒரு பெரியம்மா இருந்தார். சொந்தமில்லை, மரியாதைக்காக அப்படிக் கூப்பிட்டோம். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் அல்ல, வன்னியிலேயே பழைய ஊர் ஒன்றில் பிறந்தவர். அவர்தான் அம்மாவுக்குச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மழைக்குள் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு மண்பானையோடு வந்தார். பானைக்குள் கொஞ்சத் தண்ணீரில் கறுப்பாக, வழுவழுவென்று ஐந்தாறு மீன்கள் நெளிந்தன. வாயைச் சுற்றி மீசை.

"சுங்கான்," என்றார். "பிள்ளை பெத்தவளுக்கு இதுதான் மருந்து."

ஐயா பானைக்குள் பார்த்தார். மீசையைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"அக்கா, இது கெளிறெல்லோ?"

கெளிறு என்பது கடலில் உள்ள மீசைக்கார மீன். செதில் இல்லை, வழுக்கும், முள்ளால் குத்தும். எங்கள் ஊர்ப்பக்கம் அதைத் தின்றால் கிரந்தி என்பார்கள். சாதாரண ஆள் தின்றால் கொஞ்சம் சொறியும். பச்சை உடம்புக்காரி தின்றால் உள்ளே புண் வைத்து ஆளையே கொண்டுபோய்விடும் என்று பயப்படுவார்கள். ஐயாவுக்கு அது சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பயம்.

பெரியம்மா சுங்கான் வேறு, கெளிறு வேறு என்றார். ஐயா செதில் இல்லாமல் மீசை வைத்ததெல்லாம் கெளிறுதான், கடலில் கிடந்தால் என்ன குளத்தில் கிடந்தால் என்ன என்றார். திண்ணமாக, கொஞ்சம் சத்தமாகவும் சொன்னார். அறைக்குள் படுத்திருந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

அப்போது எங்களோடு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, வயல் வேலைக்கு உதவியாக வந்தவர். எதையும் பகிடியாக்கிவிடுவார். "அத்தான், மீசை வைச்சதெல்லாம் ஒரு சாதியெண்டா நீங்களும் எங்கட விதானையாரும் சொந்தக்காரர்தான்," என்றார். ஐயாவுக்கும் ஊர் அதிகாரியான விதானையாருக்கும் வேலித் தகராறு. ஐயா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியம்மா பானையைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. கிணற்றடியில் வைத்து, மேலே ஒரு சுளகைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

நான் வாய் திறந்து கதைக்கிற பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால்கூட எழும்பி நிற்பேனே தவிரச் சத்தம் வராது. ஆனால் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் பொழுதுபடும்வரை பார்ப்பேன். கிணற்றடியில் குந்தியிருந்து சுங்கானைப் பார்த்தேன். கொஞ்சநேரத்துக்கொருமுறை அது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போனது. மீன் தண்ணீருக்குள் மூச்சு விடும் என்றுதான் எனக்குத் தெரியும். எங்களைப்போல வெளியே வந்து மூச்சு விடும் மீனைக் கண்டதும் ஐயா சொன்னதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கெளிறு இப்படிச் செய்யுமா?

மாமாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் வயலிலிருந்து தண்ணீர் வடியும் வாயில் பறி வைத்திருந்தார். பிரம்பால் கட்டிய கூடு அது, உள்ளே போன மீன் வெளியே வராது. அதில் விழுந்தவற்றில் மீசையுள்ளதை எல்லாம் எனக்குக் கொண்டுவந்து தந்தார். ஐயாவைச் சீண்டுவதற்காகத்தான் தந்திருப்பார். நான் அவற்றைச் சிரட்டையிலும் பழைய சட்டியிலும் போட்டு வரிசையாக வைத்தேன்.

முதலில் மீசையை எண்ணினேன். கெளுத்தி என்று ஒரு சின்ன மீன், அதற்கு எட்டு. உடம்பில் கோடுள்ள இன்னொரு கெளுத்தி வந்தது, அதற்கும் எட்டு. சுங்கானுக்கும் எட்டு. வாளை என்று ஒன்று, பட்டையாக, வெள்ளிபோல, காதுவரைக்கும் வாய். அதற்கு நாலுதான். வாளையைப்போலவே ஒன்று சின்னதாக, செவுள்பூவுக்குப் பின்னால் கறுத்த பொட்டோடு வந்தது. அதற்கும் நாலு. ஒரு குளத்துக்குள் இத்தனை விதமான மீசைக்காரர் இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கெளிறுக்கு எத்தனை மீசை என்று தெரிந்தால் எல்லாம் முடிந்துவிடும். குசினியில் அடுப்புக்கு மேலே ஒரு கெளிற்றுக் கருவாடு தொங்கியது. மாமா தூக்கிப் பிடிக்க, நான் எட்டி எடுத்தேன். மீசையெல்லாம் காய்ந்து உடைந்து போயிருந்தது.

அழுகை வந்தது. ஆனாலும் கருவாட்டை மீன்களுக்குப் பக்கத்தில் வைத்துத் தலையிலிருந்து வால்வரை பார்த்தேன். அப்போதுதான் அந்தச் செட்டை, துடுப்புப்போல ஒன்று, கண்ணில் பட்டது. கெளிறின் முதுகில், வாலுக்குக் கிட்ட, முள்ளே இல்லாத சின்னச் சதைச் செட்டை ஒன்று இருந்தது. காய்ந்து காதுமடல்போல ஒட்டிக்கிடந்தது. கெளுத்தியைத் திருப்பினேன். அதற்கும் இருந்தது, கோடுள்ளதற்கும் இருந்தது. சுங்கானைத் தடியால் புரட்டிப் பார்த்தேன். இல்லை. முதுகு நடுவில் ஒரு சின்னக் குஞ்சம், பிறகு வால்வரைக்கும் வெறும் முதுகு. வாளைகளுக்கும் இல்லை.

ஆகவே கெளுத்திதான் கெளிறின் சொந்தக்காரன். சுங்கான் வேறு ஆள்.

அன்று மாலை ஐயா கைகால் கழுவிவிட்டு வந்ததும் அவர் காதுக்குள் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கருவாட்டை வாங்கி அந்தச் செட்டையை விரலால் தடவிப் பார்த்தார். அறைக்குள் தங்கச்சி முனகுவது கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு செட்டை இல்லையெண்டாப்போல கிரந்தி இல்லாமப் போகுமே," என்றார்.

நான் கருவாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆனால் அடுத்தநாள் அவரே என்னைக் கூப்பிட்டுச் சுங்கானைப் பற்றிக் கேட்டார். பகலில் எங்கே கிடக்கும், வரம்புப் பொந்துக்குள்ளா, சேற்றுக்குள்ளா என்றார். எந்த நேரத்தில் வெளியே வரும் என்றார். கையால் பிடிப்பதென்றால் எங்கே பிடிப்பார்கள் என்றும் கேட்டார். நான் வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். விடியற்காலையில் வாய்க்கால் கரையில் மேயும். தலையை அமத்தி, இரண்டு பக்க முள்ளுக்கும் பின்னால் விரலைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். வால் பக்கம் பிடித்தால் திரும்பிக் குத்தும். இவ்வளவையும் ஒப்புவித்தேன். ஒரு பெரியவர் என்னிடம் இப்படிக் கேள்வி கேட்டது அதுதான் முதல்தடவை. என் ஆராய்ச்சியில் அவருக்கு ஆசை பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் மாமா இரவுச் சாப்பாட்டில் கதையை எடுத்தபோது ஐயா, "கெளிறு கெளிறுதான், பிள்ளை பெத்தவளின்ர கோப்பைக்குள்ள அது வரப்படாது" என்று பழையபடியே சொன்னார். எனக்குக் கவலையாகப் போய்விட்டது.

சில நாட்கள் போயின. ஒருநாள் அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சரக்குக் கறிக்குள் கறுத்த தோலோடு மீன் துண்டு கிடந்தது. அந்தத் தோலை எனக்குத் தெரியாதா? அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"பெரியம்மாவின்ர மனுசன் பிடிச்சுக் குடுத்தவராம். உனக்கு வாயில்லையெண்டு எனக்குத் தெரியும். ஐயாவுக்கு முன்னால மட்டும் வாய் வந்திடப்படாது," என்றார்.

அதற்குப் பிறகு வீடு முழுக்க ஒரே இரகசியம். பெரியம்மா கறிச்சட்டியைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வருவார். மாமா அந்த நேரம் பார்த்து ஐயாவிடம் உரம், விதைநெல் என்று எதையாவது கதைத்துக்கொண்டிருப்பார். ஐயா ஒருநாளும் குசினிப் பக்கம் திரும்பவில்லை. சேற்று மணம் எனக்கே தெரிந்தது. ஊரில் எல்லோருக்கும் முதலில் குளத்துமீனை மணந்து கண்டுபிடிக்கிற ஐயாவின் மூக்கு அந்த நாட்களில் எப்படியோ வேலை செய்யவில்லை. சளித் தடிமனாக இருக்கும் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குப் பால் வந்தது. தங்கச்சி குடித்துவிட்டு நித்திரையானாள். பசி வந்தால் பழையபடி ஓங்கி அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு மாமா, "பொல்லாத குரல், அத்தானேதான்," என்றார்.

பிறகு ஒரு விடியற்காலை, மழை தூறிக்கொண்டிருந்தது. ஐயா வயற்பக்கமிருந்து வந்தார். சாரம் தொடைவரை நனைந்திருந்தது. வலக்கையைத் தலைத்துண்டால் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. மாமா துண்டை அவிழ்த்தார். பெருவிரலடியிலிருந்து மணிக்கட்டுவரை வீங்கியிருந்தது.

"தேள்," என்றார் ஐயா, பல்லைக் கடித்துக்கொண்டு.

மாமா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முழங்காலளவு வெள்ளத்துக்குள்ள எந்தத் தேள் அத்தான் நிண்டது? மீசை வைச்ச தேளோ?"

அதற்குள் பெரியம்மா சட்டியில் வெந்நீரோடு வந்துவிட்டார். யாரும் போய்ச் சொல்லவில்லை. ஐயாவின் கையைப் பிடித்துத் தாங்கக்கூடிய சூட்டில் தண்ணீருக்குள் வைத்தார். வைத்துக்கொண்டே, "வாலில பிடிக்க வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான் தம்பி," என்றார்.

மாமா ஐயாவைப் பார்த்தார். அறைக்குள் அம்மா சிரிக்கத் தொடங்கினார். பிள்ளை பிறந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு நிற்கவில்லை. தங்கச்சி எழும்பி அழ, அவளைத் தட்டிக்கொண்டும் சிரித்தார். ஐயா ஒரு பக்கமும் பார்க்காமல் சட்டிக்குள் இருந்த கையையே பார்த்தார். வலி கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும்.

"ஊரில எனக்குக் கெளிறு கனதரம் குத்தியிருக்கு," என்றார் கடைசியில். "இவ்வளவு நோகாது. இது கெளிறில்லை."

அத்தோடு வழக்கு முடிந்தது. பெரியம்மா தன் மனுசன் பிடித்தது என்று கொண்டுவந்த மீனை எல்லாம், விடிய முன்னம் வாய்க்காலில் தடவிப் பிடித்து, வேலிக்கு மேலால் பெரியம்மாவிடம் நீட்டியது ஐயாதான். அது அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அதை அம்மா சொன்னது கனகாலத்துக்குப் பிறகு. தங்கச்சிக்கும் பிள்ளை பிறந்துவிட்டது அப்போது.

அன்று எனக்கு அவர்களின் சிரிப்பு விளங்கவில்லை. ஒரு மனிதருக்கு முள் குத்தினதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் யோசித்தது வேறு. வால் பக்கம் பிடிக்கக்கூடாது என்று நானே கேட்டு வந்து சொல்லியிருக்கிறேன். தெரிந்துகொண்டும் ஐயா ஏன் வாலில் பிடித்தார்? யோசிக்க யோசிக்க ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது. எல்லோரும் போகும்வரை காத்திருந்து, அவர் காதுக்குள் கேட்டேன்.

"அந்தச் செட்டை இல்லைத்தானே ஐயா?"

ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்ல ஏதோ வந்ததுபோல் இருந்தது. பிறகு வீங்காத கையை என் தலையில் வைத்து, "இல்லை. வடிவாப் பாத்தனான்," என்றார்.

நான் சொன்னது சரியா என்று பார்க்கத்தான் அவர் அந்த மழைக்குள், அந்த இருட்டு வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கிறார். அன்று முழுவதும் வேறு நினைப்பில்லாமல், அந்தப் பெருமையோடு திரிந்தேன்.