ஃபில்டர் தெரியாத தொட்டியும் பைப்பு அண்ணனும்

மீன் தொட்டியில ஃபில்டரை ஒளிச்சு வைக்கிறது என் தொழில். நல்லா ஒளிச்சு வச்சா 'அப்படி ஒண்ணு இருக்கா?'ன்னு கேப்பாங்க, சரியா ஒளிக்கலைன்னா 'எவன்யா இதை வச்சது?'ன்னு கேப்பாங்க.

மைக் செட் போட்டுட்டு மேடைக்குப் பின்னால நின்னவங்க, கல்யாணத்துல கடைசிப் பந்தி வரைக்கும் அடுப்படியில வெந்தவங்க, மகளோட பேச்சுப் போட்டிக்கு எழுதிக் குடுத்துட்டுக் கைதட்ட மட்டும் போன அம்மாமாருங்க, எல்லாரும் நம்ம கட்சி. வாங்க, பக்கத்துல உக்காருங்க. வயித்தெரிச்சலைப் பேசித் தீர்த்துக்குவோம்.

பேரு செல்வம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கலர் மீன் கடை. முன்னெல்லாம் தொட்டின்னா நாலு பக்கமும் சட்டம், மேல ஒரு மூடி, மூலையில குமிழி விடுற மிஷினு, அம்புட்டுதான். இப்ப வசதியான வீடுகள்ல கேக்குறதே வேற. சட்டம் கூடாது, மூடி கூடாது, வெறும் கண்ணாடி. உள்ள கல்லு, மரக்கட்டை, மண்டிக் கெடக்குற பச்சைச் செடி. பைப்பு, வயரு, மோட்டாரு ஒண்ணும் கண்ணுல படக் கூடாது. அதுக்கு நான் தொட்டியோட அடியில துளை போட்டு, பின் மூலையில நீளமா ஒரு கறுப்புக் கூண்டு ஒட்டுவேன். கூண்டு மேல சீப்புப் பல்லு மாதிரி கீறல் இருக்கும். அது வழியாத் தண்ணி கீழ இருக்குற மரப்பெட்டிக்குள்ள எறங்கும், அங்க வடிகட்டி மறுபடி மேல ஏத்துவேன்.

செடி வைக்கிறது மட்டும் தினகரன். பெங்களூரு போயிக் கத்துக்கிட்டு வந்த பய. நீட்டமா ஒரு கொறடு வச்சுக்கிட்டு, நாத்து நடுற மாதிரி ஒவ்வொண்ணா நடுவான். அவனுக்குப் பேரு 'ஆர்ட்டிஸ்ட் சார்'. எனக்குப் பேரு 'பைப்பு அண்ணன்'. பொறாமையான்னு கேக்குறீங்களா? ஆமா, பொறாமைதான். ஒளிக்கிறதெல்லாம் பைப்போட சரி.

டாக்டர் வீட்டுக் காலு

ஒரு டாக்டர் வீட்டு ஹால்ல தொட்டி வச்சோம். தினகரன் வந்து செடி நடுறதுக்கு முந்தியே என் வேலை பாதி முடிஞ்சிருக்கணும். எங்க துளை, எந்த உயரத்துல கீறல், கரண்டு போனா மேல இருக்குற தண்ணி எம்புட்டு கீழ வரும், அதுக்குப் பெட்டியில எம்புட்டு எடம் காலியா விடணும்னு எல்லாம் முன்னாடியே யோசிக்கணும். நம்ம ஊர்ல கரண்டு போகாதுன்னு நம்பி பைப்பு போட்டா, வீட்டுக்காரங்க செருப்பு ஹால்ல மெதக்கும்.

அன்னைக்கு எல்லாம் முடிஞ்சு தண்ணி விட்டாச்சு. ஒரு எடத்துல மட்டும் லேசாக் கசிஞ்சுது. நான் மரப்பெட்டிக்குள்ள தலையை விட்டு மல்லாக்கப் படுத்து இறுக்கிக்கிட்டு இருக்கேன். மேல ஒரே கொண்டாட்டம். தினகரனுக்குத் தட்டுல வச்சு டீ வருது, முந்திரிப்பருப்பு வருது. 'என்னா ரசனை சார் உங்களுக்கு'ங்கிறாங்க. எனக்கும் டீ குடுத்தாங்க, இல்லைன்னு சொல்லலை. தரையில வச்சாங்க, என் இடுப்புக்குப் பக்கத்துல. எந்திரிச்சாத்தான குடிக்க முடியும்? அப்புறம் குடும்பத்தோட தொட்டி முன்னாடி நின்னு, தினகரனை நடுவுல விட்டு, போட்டோவுக்கு ரெடி ஆனாங்க. என்னையும் கூப்பிடப் போறாங்கன்னு நான் தலையை வெளிய இழுக்கப் பாத்தேன். டாக்டரோட சம்சாரம் குனிஞ்சு, ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க:

"பைப்பு அண்ணே, அந்தக் காலை மட்டும் செத்த மடக்கிக்கோங்க, போட்டோல விழுது."

சம்சாரத்தோட ஸ்டேட்டஸ்

வெளியில படுறது போதாதுன்னு வீட்டுலயும். என் சம்சாரம் சாந்தி, போன்ல ஸ்டேட்டஸ் வைக்கிறதுல கெட்டி. ஒரு நாள் பாக்குறேன், டாக்டர் வீட்டுத் தொட்டியைப் படமா வச்சு, சுத்திப் பூ எல்லாம் பறக்க விட்டிருக்கா. எனக்குச் சந்தோசம் தாங்கலை. கட்டினவ ஒருத்தியாவது நம்ம அருமை தெரிஞ்சவளா இருக்காளேன்னு, வெளிய காட்டிக்காம, சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே கேட்டேன். "என்ன சாந்தி, தொட்டி எப்படி?"

"அடேயப்பா, அந்தத் தினகரன் தம்பிக்கு என்னா கைராசிங்க! ஒரு எலை வாடலையே"ன்னா. சோறு எறங்கலை எனக்கு. சரி, கோவப்படக் கூடாது, எடுத்துச் சொல்லுவோம்னு, "செடியை விடு. தண்ணியைப் பாரு. தண்ணி இருக்குறதே தெரியாம மீனு அந்தரத்துல நிக்கிற மாதிரி இல்ல? அது யாரு வேலை?"ன்னு கேட்டேன். அவ போனை உத்துப் பாத்தா. என் தட்டைப் பாத்தா. வெஞ்சனத்தை ஒரு கரண்டி அள்ளி வச்சுட்டுச் சொன்னா:

"தண்ணி கொழாயில வர்றதுதானங்க?"

பூட்டுக்கு வந்த மவுசு

நாகல் நகர் பக்கம் பூட்டுப் பட்டறை வச்சிருக்குறவர் ஆறுமுகம் அண்ணாச்சி. அவர் வீட்டுல வச்ச தொட்டிக்கு, பேரப் புள்ளைக மோட்டாரை நோண்டுதுன்னு, மரப்பெட்டிக் கதவுல தன் பட்டறைப் பூட்டு ஒண்ணைத் தொங்க விட்டுட்டாரு. பித்தளையில மொழுமொழுன்னு, மேல அவர் பேரு வெட்டுன பூட்டு. வர்றவன் போறவன் எல்லாம் மொதல்ல செடியைப் பாக்குறான், அடுத்து பூட்டைப் பாக்குறான், 'அண்ணாச்சி கைவேலையா'ங்கிறான். என் ஃபில்டரு பூட்டுக்குப் பின்னாடி கெடக்கு. தினகரன் மேல பொறாமைப்பட்டதாவது சரி, அவன் மனுசன். ஒரு பூட்டு மேல பொறாமைப்பட்டவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அதுல பேரு வெட்டியிருந்துச்சு பாருங்க, அதுதான் என்னைய அரிச்சுது. ஏதாவது ஒரு தொட்டியில நம்ம பேரும் இப்படி இருக்கணும்னு அன்னைக்குத்தான் மனசுல விழுந்துச்சு.

ஒரு நா அண்ணாச்சி சாவியைத் தொலைச்சுட்டாரு. உள்ள தண்ணி வடிகட்டுற பஞ்சு அடைச்சு, தண்ணி கலங்கி, மீனு மேல வந்து வாயைப் பொளக்குது. பூட்டை ஒடைக்கலாம்னா அவர் விடலை. பட்டறையில இருந்து ஆளை வரச் சொல்லிக் கம்பியை விட்டுத் திறப்போம்னா அதுக்கும் விடலை. "அம்புட்டு லேசாத் தெறக்குற பூட்டையா நான் விக்கிறேன்?"னு எகிறுறாரு. கடைசியில மரப்பெட்டியோட முதுகுப் பலகையைக் கழட்டி, செவுத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நான் பஞ்சை மாத்துனேன். மீனு பொழைச்சுது. தூசியும் ஈரமுமா நான் வெளிய வந்ததும், ஒரு நல்ல வார்த்தை வரும்னு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னேன். அண்ணாச்சி பூட்டைப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துட்டுச் சொன்னாரு:

"பாத்தியாப்பா, கடைசி வரைக்கும் அசையலையே!"

மோட்டாரைப் பாத்த ஒரே மனுசன்

தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டக்காரரு, மகளுக்குப் புது வீடு கட்டி அதுல ஒரு தொட்டி வச்சாரு. எல்லாரும் செடியைப் பாத்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்க, அவர் மட்டும் குத்துக்கால் போட்டு உக்காந்து, "ஏனுங்க, இந்தக் கதவைக் கொஞ்சம் தொறங்க"ன்னாரு. எனக்கு ஒடம்பே சிலிர்த்துப் போச்சு. இத்தனை நாள்ல கதவைத் தொறக்கச் சொன்ன மொத மனுசன்!

போர் மோட்டாரு, சொட்டுநீரு எல்லாம் பாத்துப் பழகுன கை. ஒண்ணு விடாமக் கேட்டாரு. கரண்டு போனா தண்ணி திரும்பாதுங்களான்னாரு. திரும்புமுங்க, அதுக்குத்தான் ஏத்துற பைப்புல தண்ணி மட்டத்துக்கிட்ட சின்ன ஓட்டை போட்டிருக்கேன், காத்து புகுந்து நிப்பாட்டிரும்னேன். ஆவியாகுற தண்ணிக்கு என்னங்க வழின்னாரு. மட்டம் கொறைஞ்சா தானாத் தெறந்து ரொப்புற மெதவை வால்வு இருக்குங்கன்னேன். சத்தமே இல்லைங்களேன்னாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க எனக்கு. தினகரன் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டே, "அண்ணன் வேலைன்னா வேலைதாங்க"ன்னான். அந்தப் பய கெட்டவனா இருந்தாலாவது நிம்மதியாப் பொறாமைப்படலாம், அதுக்கும் கொடுப்பினை இல்லை. தோட்டக்காரர் எந்திரிச்சு, வேட்டியைத் தட்டி விட்டு, என் கையைப் புடிச்சுக் குலுக்குனாரு. குலுக்கிட்டுக் கேட்டாரு:

"அருமைங்க. இத்தனையும் யோசிச்ச ஆர்ட்டிஸ்ட் சாரு நம்பரை எனக்குக் குடுத்துட்டுப் போங்க."

பாய் சொன்ன பித்தளைத் தகடு

கொடைரோடு போற வழியில ஜமால் பாய் புதுசா பிரியாணிக் கடை போட்டாரு. வாசல்ல நுழைஞ்சதும் ஒரு பெரிய தொட்டி வேணும்னு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. "இதைச் செஞ்சவங்க பேரைப் பித்தளைத் தகட்டுல வெட்டி வைப்பேன், வர்ற சனமெல்லாம் பாக்கட்டும்"னாரு. எனக்கு அண்ணாச்சி வீட்டுப் பூட்டு ஞாபகம் வந்துச்சு.

இந்தத் தடவை விடக் கூடாதுன்னு, "பாய், இதுல கண்ணாடியில வளைச்ச பைப்பு கெடைக்குது. வெளிய தெரியிற மாதிரி வச்சா அழகா இருக்கும்"னு மெதுவா எடுத்து விட்டேன். பைப்பு தெரிஞ்சா, பைப்பு வச்சவனும் தெரிவான்ல? பாய் என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. தாடியைத் தடவிக்கிட்டுச் சொன்னாரு:

"தம்பி, பிரியாணியில பட்டை வாசம்தான் வரணும், பட்டை வாயில சிக்கக் கூடாது."

தெறப்பு விழா அன்னைக்கு

என் வாழ்நாள்ல அப்படி ஒரு ஃபில்டரை ஒளிச்சதில்லை. கூண்டு எங்க இருக்குன்னு நானே தேடணும். ஆனா தெறப்பு விழா அன்னைக்குக் காலையில தினகரன் கூண்டை இன்னும் நல்லா மறைக்கிறேன்னு, பாசி படர்ந்த கட்டை ஒண்ணைக் கொண்டாந்து அதுல சாச்சு வச்சிருக்கான். வச்சுட்டு வாசல்ல நின்னு பேசிக்கிட்டு இருக்கான். விருந்தாளிக வந்துக்கிட்டு இருக்காங்க. நான் தொட்டியைப் பாக்குறேன், தண்ணி மட்டம் ஏறுது. கட்டையில இருந்த பாசி கீறலை அப்பிக்கிச்சு. தண்ணி கீழ எறங்க வழியில்லை, மோட்டாரு மேல ஏத்திக்கிட்டே இருக்கு. சட்டம் இல்லாத தொட்டி, வெளும்பைத் தாண்டுச்சுன்னா நேரா சலவைக்கல்லு தரைதான்.

மனசுக்குள்ள ஒருத்தன் சொன்னான், பேசாம இருடா, வழியட்டும், ஆர்ட்டிஸ்ட் சாரோட லட்சணம் ஊருக்கே தெரியட்டும்னு. கையைக் கட்டிக்கிட்டுத்தான் நின்னேன், பொய் சொல்லலை. ஆனா தண்ணி வெளும்புல வந்து நின்னு மினுங்குச்சு பாருங்க, கை தானா அவுந்துருச்சு. அது என் தண்ணிங்க. அதை எப்படிங்க தரையில விடுறது? புதுச் சட்டையோட தோள் வரைக்கும் கையை விட்டு, கட்டையை நகட்டி, அப்பியிருந்த பாசியை வழிச்சு எடுத்தேன். கடகடன்னு மட்டம் எறங்குச்சு. கைச்சட்டையில தண்ணி சொட்டச் சொட்டத் திரும்புனா, பாயோட மகன் பதறிக்கிட்டு ஓடியாறான்:

"பைப்பு அண்ணே, கையை எடுங்க, ஆர்ட்டிஸ்ட் சார் வச்ச செடியைப் பிச்சுராதீங்க!"

வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு

விழா ஜோரா நடந்துச்சு. ஒரு பெரிய மனுசன் தொட்டிக்கிட்ட வந்து, "என்ன பாய், தண்ணி இப்படிப் பளிங்கா இருக்கு, ஃபில்டரு எங்க?"ன்னு கேட்டாரு. நான் ஒரு எட்டு முன்னாடி வச்சேன். பாய் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "மாஷா அல்லாஹ், ஃபில்டரே கெடையாதுங்க. எல்லாம் செடியே பாத்துக்குது"ன்னாரு. வச்ச எட்டை எடுத்துப் பின்னாடி வச்சுக்கிட்டேன்.

அப்புறம் தகட்டை மூடியிருந்த திரையை வெலக்குனாங்க. தொட்டி முகப்புல பித்தளைத் தகடு தகதகன்னு இருக்கு. ஒரே ஒரு பேரு. தினகரன் பேரு. எல்லாரும் கைதட்டுனாங்க. நானும் தட்டுனேன், ஈரக் கையில சத்தம்கூட வரலை. மூலையில போயி நின்னுக்கிட்டேன். பிரியாணி வாசம் வருது, பசிக்கவே இல்லை. கூட்டம் சாப்பிடப் போனதும் பாய் வந்து என் தோள்ல கையைப் போட்டுத் தொட்டிக்கிட்டக் கூட்டிட்டுப் போனாரு. "மொகம் ஏன் சுண்டிப் போச்சு? ஜமால் சொன்ன சொல்லு தவறுவானா?"ன்னு கேட்டுக்கிட்டே மரப்பெட்டிக் கதவைத் தொறந்தாரு. உள்ள, மோட்டாருக்கு மேல, கதவோட உட்பக்கத்துல இன்னொரு தகடு. அதே பித்தளை, அதே அளவு, அதே எழுத்து. 'மூ. செல்வம்.' ஏன் பாய் உள்ளன்னு கேட்டேன். அவர் பெருமையா, ஒரு ரகசியத்தைச் சொல்ற மாதிரி சொன்னாரு:

"உங்க வேலை வெளிய தெரியக் கூடாதுன்னு நாமதானே தம்பி பேசுனோம்?"

நம்ம ஊரு உப்புத் தண்ணி தெறிச்சுத் தெறிச்சு வெளிய இருக்குற தகட்டுல வெள்ளை படியுது. அதனால மாசாமாசம் பஞ்சு அலசப் போகும்போது தினகரன் பேரைப் பளபளன்னு தொடைச்சு வச்சுட்டு, கதவைத் தொறந்து என் பேரை நானே ஒரு தடவை படிச்சுக்கிட்டு, சத்தமில்லாமச் சாத்திட்டு வாரேன்.