பசிக்காத நாளின் சோறு

போர்க்காலத்தில் பருமனாக இருப்பதும் ஆபத்துதான். ஊரே எலும்பும் தோலுமாகக் கிடக்க, நான் மட்டும் ஊதிக்கொண்டே போனேன். சாப்பிட உட்கார்ந்தால், 'போதும்' என்றே தோன்றாது. கல்லாற்றிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்குப் போகும் வழியில், பாலத்தடி இராணுவச் சோதனைச்சாவடியில் மற்றப் பெண்களை மேலோட்டமாகத் தடவி விட்டுவிடுவார்கள். என்னை மட்டும் ஒரு ஆமிப்பெண் மறைப்புக்குள் கூப்பிட்டுச் சட்டையைத் தூக்கச் சொல்வாள். வயிற்றில் வெடிமருந்து கட்டியிருக்கிறேனாம்! விடிந்தாலே அவளுடைய விரல்கள்தான் நினைவுக்கு வரும். பஸ்ஸில் இருப்புக்கொள்ளாது.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய டொக்டர் ஒருவர் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பருமனானவர்களைத் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். சாப்பிட்டதும் குடலில் ஒரு ஓமோன் ஊறி, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லுமாம். அதை ஊசியால் ஏற்றினால் பசி குறையுமா என்று பார்க்கப் போகிறார். ஒருநாள் அந்த மருந்து, இன்னொருநாள் வெறும் சேலைன் தண்ணீர். எது எப்போது என்று எங்களுக்கும் தெரியாது, தாதிக்கும் தெரியாது. பிறகு சோறு வரும்; வேண்டிய மட்டும் சாப்பிடலாம், மிச்சத்தை நிறுப்பார்கள். குறைவாகச் சாப்பிட்டவர்களுக்குத்தான் மருந்து தொடரும்.

முதல்நாள் வழக்கம்போல ஒரு வெட்டு வெட்டினேன். இரண்டாம் நாள் மீன்குழம்பு வாசம் வந்தும் வாய் ஊறவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சோறு வெறும் சோறாகத் தெரிந்தது. எழும்பி ஆடலாம் போலிருந்தது எனக்கு. இரண்டு பிடி தின்றுவிட்டுக் கைகழுவ எழுந்தேன்.

வெளியே வெடிச்சத்தம். கடைக்கதவுகள் சடசடவென்று இழுபட்டன. "றோட்ட மூடிட்டாங்களாம்" என்று தாதி ஓடி வந்தாள்.

நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டால் முன்னால் இருப்பதைத் தின்று முடிப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அடுத்த வேளைச் சோறு எந்தப் பள்ளிக்கூடத்து அகதிமுகாமிலோ, யாருக்குத் தெரியும்? சோற்றுக் கோப்பை வழித்துத் துடைத்ததுபோல ஆனது.

"பசிச்சிதா?" என்று கேட்டார் டொக்டர்.

"இல்ல டொக்டர், சத்தியமாப் பசிக்கல்ல."

"பிறகு ஏன் சாப்பிட்டீங்க?"

"வெடிச் சத்தம் கேட்டுதே."

அவர் பேனையை எடுத்தார். "பசியில்லாமச் சாப்பிட்டத நான் எப்பிடி எழுதிற?" என்றார். முழுவதும் சாப்பிட்டதாகத்தான் எழுதினார். மருந்து எனக்கு இல்லையென்று ஆகிவிட்டது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் காட்டுவது?

பின்னேரம் றோட்டைத் திறந்தார்கள். பாலத்தடியில் மறைப்புக்குள் போனேன். அந்த ஆமிப்பெண் புடைத்திருந்த என் வயிற்றை அழுத்தி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள்.

"பத்" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். சோறு.

அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.