கைக் கியரும் கால் கியரும்

யுத்தம் முடிந்து பெட்ரோல் ஓரளவு கைக்கு எட்டியதும் எனக்கு மோட்டார் சைக்கிள் கிறுக்கு மறுபடி பிடித்துக்கொண்டது. கருப்பட்டிக் கடையில் உட்கார்ந்திருப்பேன். எதிரே ஆள் நின்று விலை கேட்பார். நானோ திருச்செந்தூர் சாலையில் போய்க்கொண்டிருப்பேன். ஒரு பக்கம் உப்பளம் வெள்ளை வெளேரென்று விரியும். மறுபக்கம் பனைகள் ஓடும். சட்டைக்குள் கடற்காற்று புகுந்து முதுகில் புடைக்கும். அந்த முதுகில் என் மனைவியின் கை இருக்கும்.

"அண்ணாச்சி, முழிச்சிருக்கியளா?" என்று கேட்ட பிறகுதான் தராசு கண்ணில் படும்.

வண்டி என்னிடமே இருந்தது. கடைக்குப் பின்னால் கிட்டங்கியில், மூட்டைகளுக்கு நடுவே, ஐந்து வருஷமாக நின்றது. எங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. வள்ளத்துக்காரர்கள் படகுப் பலகைக்கு மீனெண்ணெய் பூசுவதைப் பார்த்து நானும் மாதம் தவறாமல் வண்டிக்குப் பூசிவந்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு! துரு வரவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் முதல் தடவை எஞ்சின் சூடானதும் கிளம்பிய நாற்றத்துக்குத் தெருப்பூனையெல்லாம் கிட்டங்கி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டன.

அந்தச் சமயத்தில்தான் மோட்டார் ரிப்பேர் பட்டறைக்காரர் ஒரு வண்டியைக் கொண்டுவந்து காட்டினார். பட்டாளத்தில் கழித்துவிட்டது, பாசி பிடித்த பச்சை நிறம்.

"இது காலால கியர் போடுத வண்டி, அண்ணாச்சி. உங்க கிழட்டு வண்டியத் தந்துட்டு இத எடுத்துக்கிடுங்க."

கிழட்டு வண்டியாம்! எனக்குச் சுருக்கென்றது. என் வண்டியில் கைப்பிடியை விட்டுக் கையை இறக்கி, டாங்க் ஓரத்துக் கம்பியைத் தள்ளித்தான் கியர் போட வேண்டும். அந்தக் கம்பியின் குமிழ் உள்ளங்கைக்குள் வந்து உட்காரும் சுகம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

ஆனால் என் வண்டியில் என் மனைவி ஏறமாட்டாள். யுத்தத்துக்கு முந்தி, உடன்குடி போகும் வழியில் செம்மணலில் விழுந்தோம். எனக்கு வெறும் சிராய்ப்பு. அவளுக்கு இடது முழங்கை முறிந்து கோணலாகக் கூடிவிட்டது. மணல் வாரிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். அவளும் அப்படியே சொன்னாள். அதோடு சரி, அவள் ஏறவில்லை. அவள் பின்னால் இல்லாமல் அந்தச் சாலை எனக்கு எதற்கு?

ஒருநாள் காலையில் இரண்டு வண்டிகளையும் கிட்டங்கி வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். பட்டறைக்காரர் கூட நின்றார்.

"ஏளா, இங்கன வா. எது வேணும்னு நீயே சொல்லு."

அவள் சாவகாசமாகச் சுற்றிவந்தாள். பழைய வண்டியைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள்.

"அஞ்சு வருசமா இதுக்கு எண்ண தேச்சிய. என் கைக்கு ஒரு நாளாவது தேச்சியளா?"

பட்டறைக்காரர் கடற்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பச்சை வண்டியிடம் போனாள்.

"இதுக்குக் கியரு எங்கன?"

"காலுல."

"அப்ப ரெண்டு கையும் பிடியிலயே இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப இதுதான்" என்றாள். பிறகு குரலைத் தணித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அன்னைக்குக் கியரு போட எடுத்த கைய நீங்க திருப்பி வைக்கல. பேசிச் சிரிச்சிக்கிட்டு ஒத்தக் கையாலயே மணலுக்குள்ள விட்டிய. பின்னால இருந்து நாந்தான பாத்தேன்."

"இத்தன நாளு ஏன் சொல்லல?"

"சொன்னா, நீங்க மறுபடி வண்டியத் தொட்டிருப்பியளா?"

பட்டறைக்காரர் பழைய வண்டியை உருட்டிக்கொண்டு போனார். பூனைகளும் பின்னாலேயே போயின. நான் பச்சை வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவள் பின்கம்பியில் சாக்கை மடித்துப் போட்டு, அந்தக் கோணல் கையை என் தோளில் ஊன்றி ஏறினாள்.

"அன்னைக்கு என் தப்புதான் ஏளா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"தெரியும். வண்டிய எடுங்க" என்றாள்.