அயுத்தயாவிலிருந்து அண்ணி போட்டு வந்த ஷூ

என் கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி ஆம்பளை ஷூ இருக்கிறது. கறுப்புக் கான்வாஸ்; இடது ஷூவின் முனையில் பசை சிந்திக் காய்ந்த வெள்ளைத் திட்டு. ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் இருக்கிற இந்த வீட்டில் ஆம்பளை யாரும் கிடையாது. அண்ணன் போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. அவர் மகன் தாய்லாந்தில். காலில் போடுவதை வீட்டுக்குள் கொண்டுவருகிற வழக்கமும் ரங்கூனில் இல்லை. மூன்று மாடி ஏறி வந்தாலும் கதவுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். இதை மட்டும் வெளியே வைக்க முடியாது. கூட்டும்போது துடைப்பம் அதில் இடித்தால் அண்ணி ஞாபகம் வரும். கூடவே உட்கார்ந்துவிடலாம் போல ஓர் அலுப்பும் வரும்.

அண்ணி அயுத்தயாவைச் சுற்றிப் பார்க்கப் போனாள் என்று சொன்னால் அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பஸ் ஏறி ஊர் நடுவிலிருக்கிற சூலே பகோடா வரைக்கும் போய்வரவே முனகுகிறவள். ஆனால் அவள் மகன் அந்த ஊரின் ஓரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். இங்கே பையன்களைப் படைக்கு எடுக்கும் சட்டம் வந்தபோது போனவன். அப்பா திவசத்துக்கு வந்துவிடுகிறேன், இங்கே இருக்க முடியவில்லை என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். வந்தால் திரும்பிப் போக முடியாது. அது அவனுக்கும் தெரியும். போனில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் பழகிப்போன விஷயம், விவரமாகச் சொல்லவும் வழியில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் அண்ணியின் வயிற்றில் கட்டி இருப்பதாக டாக்டர் சொன்னார். அது காதில் விழுந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிடுவான். “நேர்ல போயி முகத்தைப் பாத்து வராதேன்னு சொல்லிட்டு வந்துருவோம். வயித்து விஷயத்தை நீ வாய் தவறிச் சொன்னே, அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காதே” என்றாள். சுற்றுலாக் குழு ஒன்றில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டோம்.

அயுத்தயாவில் நல்ல வெயில். கோயில் வாசலில் இறங்கியதும் அண்ணி தன் வெல்வெட்டுச் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்தாள். பகோடா வாசலில் கை தானாகச் செய்கிற காரியம் அது, எங்கள் ஊரில் இடிந்த கோயிலாக இருந்தாலும் வெறுங்காலோடுதான் ஏறுவோம். மற்றவர்கள் எல்லோரும் செருப்போடும் பூட்ஸோடும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நானும் கழற்றவில்லை. சுடுகிற செங்கல்லில் நடக்க எனக்கென்ன வேண்டுதலா?

உள்ளே வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தலை மட்டும் மரவேருக்குள் சிக்கிக் கிடந்தது. அதற்கு மேலே நம் தலை உயரக் கூடாதென்று காவலாளி எல்லோரையும் குந்த வைத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணியும் குந்தினாள். “ஏன் இப்படியே போட்டு வச்சிருக்காங்க? ஒரு வெள்ளை அடிக்கக் கூடாதா?” என்று என்னிடம் குசுகுசுத்தாள். நம் ஊராக இருந்தால் இதற்குள் தங்க ரேக்கே ஒட்டியிருப்பார்கள். வழிகாட்டிப் பெண் இதெல்லாம் பர்மாக்காரர்கள் கொளுத்தியது என்று சொன்னாள். நாங்கள் ரங்கூன் குழு என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கைகூப்பினாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் என்னைக் ‘கலா’ என்பார்கள், அந்நியன் வீட்டுப் பிள்ளை என்று அர்த்தம். முதல்முதலாக என்னைப் பர்மாக்காரி என்று ஒருத்தி ஒத்துக்கொண்டாள், அதுவும் அடுத்தவன் அரண்மனையைக் கொளுத்திய கணக்கில். நல்ல கூத்து.

அரண்மனை என்று காட்டிய இடத்தில் தரையோடு தரையாகச் செங்கல் வரிசைதான் மிச்சம். குழு பெரிய கோபுரங்களைப் பார்க்க நகர்ந்தது. சொல்லிவைத்தபடி அங்கே ஒரு மரத்தடியில் அண்ணியின் மகன் நின்றிருந்தான். இளைத்திருந்தான். அண்ணி ஓடப் பார்த்தாள், முடியவில்லை.

“அமே, ஏன் நொண்டுறே?” பர்மிய வழக்கப்படி அம்மாவை அவன் அமே என்றுதான் கூப்பிடுவான்.

“கல்லு சுடுதய்யா.”

“இங்க யாரும் செருப்பைக் கழட்ட மாட்டாங்க அமே.”

“சாமி இருக்கிற இடத்துல எப்படிய்யா போட்டுக்கிட்டு வர்றது?”

வலியை அந்தச் செங்கல்மேல் போட்டுவிட்டாள். அவனும் நம்பினான். புல்லில் உட்கார்ந்தோம். அண்ணி அவன் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, “திவசத்துக்கு வராதே. நானா வான்னு சொல்ற வரைக்கும் வராதே” என்றாள். அவன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். தமிழில் சொன்னால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவான், சின்னதிலிருந்து அப்படித்தான். அண்ணிக்கு அது தெரியாதா? வராதே என்பதைப் பர்மியத்திலும் சொன்னாள்: “மலானெ.”

“நான் வேணாமா உனக்கு?”

“வேணும்னுதான்டா சொல்றேன். எங்கயாவது உசுரோட இரு. எனக்கு அது போதும்.” பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். “இந்தா இருக்காளே உன் அத்தை, இவ செத்துட்டான்னு சேதி வந்தாலும் வரக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“அடிப்பாவி, நான் என்ன பண்ணினேன்?” என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவள் எதற்கு என்னைச் சாகடித்தாள் என்று எனக்குத் தெரியும். என்னால் அதற்குமேல் சிரிக்க முடியவில்லை.

வாசலுக்கு வந்தால் வெல்வெட்டுச் செருப்பைக் காணோம். யாரோ விட்டுப்போன குப்பை என்று பெருக்குகிறவர்கள் அள்ளியிருப்பார்கள். பஸ்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். மருமகன் சட்டென்று குனிந்து தன் ஷூவைக் கழற்றி, அண்ணியின் காலைத் தூக்கித் தூக்கி மாட்டிவிட்டு நாடாவை இறுக்கிக் கட்டினான். சாலையைத் தாண்டி சாக்ஸ் காலோடு நடந்து போனான். பஸ் திரும்பும்வரை அண்ணி அந்தச் சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரங்கூன் விமான நிலையத்தில் சர்க்கஸ் கோமாளி போல டொக்கு டொக்கென்று நடந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கதவுக்கு வெளியே, நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலமே கீழ்வீட்டு டோ மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள். டோ என்றால் பெரியம்மா என்கிற மாதிரி, வயசான பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்; எங்கள் அம்மா வயசு பர்மியக்காரி, நல்ல மனுஷி. ஷூவைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். “மகன் வந்துட்டானா?”

அவ்வளவுதான் கேட்டாள். அவள் கண்ணில் பட்டது, படைக்கு ஆள் தேடி, வீட்டில் யார் யார் என்று விசாரிக்க வருகிற வார்டுக்காரர்கள் கண்ணிலும் படாதா? அண்ணி ஷூவை உள்ளே எடுத்து, துவைத்து, தன் பழைய பர்மிய லுங்கியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தாள். “காலுல போடுறதை வீட்டுக்குள்ள வச்சிருக்கேன், சாமி குத்தம் ஆகப் போகுது” என்று படுக்கும்போதெல்லாம் சொல்வாள். “அவன் ஷூ கூட வாசல்ல இருக்கக் கூடாதாம், என்ன பொழப்பு இது” என்பாள்.

மழைக்காலம் முடியுமுன் போய்விட்டாள். அவனுக்கு நான்தான் போன் செய்தேன். “நான் கிளம்புறேன் அத்தை” என்றான்.

“சத்தியம் பண்ணியிருக்கே.”

“அது உங்களுக்குத்தானே அத்தை? நீங்க செத்தா வரக் கூடாதுன்னுதானே அமே சொன்னாங்க?”

“என் பேரைச் சொல்லித் தன்னைத்தான்டா சொன்னா. அன்னைக்கே அவளுக்குத் தெரியும்” என்றேன். அவன் அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை. அவன் வரவில்லை.

துக்கத்துக்கு லான்மடாவிலிருந்தும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கதவுக்கு வெளியே செருப்பு குவிந்து, படியிலும் வழிந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே போய் லுங்கியை அவிழ்த்து, ஷூவைக் கொண்டுவந்து அந்தக் குவியலில் வைத்தேன். இத்தனை செருப்பில் எது யாருடையது என்று எவன் கேட்கப் போகிறான்? கீழ்வீட்டு டோ மட்டும் பார்த்துவிட்டாள். குனிந்து, இரண்டையும் ஜோடியாக வாசலுக்கு நேரே நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய் அண்ணியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எல்லோரும் இறங்கிப் போனார்கள். இது மட்டும் கிடந்தது. நான் எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன்.