காசு போன இடம்

இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் அக்கா, என் கடையில் எப்போதும் மலிவாகக் கிடைக்கும் கீறல் விட்ட முட்டைதான் வாங்குவார். இன்றும் அதையே எடுத்து வைத்தேன்.

“வேண்டாம் தம்பி, இண்டைக்கு நல்ல முட்டை தாங்கோ. அங்கன்வாடியில பிள்ளைக்கு எடை சரியா வந்திட்டுது!”

பக்கத்தில் நின்ற பெரியவர் என்னிடம் கேட்டார்: “ஏனுங்க, முகாமுக்கு மாசாமாசம் அரசாங்கம் பணம் குடுக்குது. அதெல்லாம் எங்கதான் போவுதுங்க?”

அக்கா இடுப்பிலிருந்த மகளை அவரிடமே நீட்டினார்.

“எங்க போச்செண்டு நீங்களே தூக்கிப் பாருங்கோ ஐயா.”

வாங்கியவர் லேசாகத் தள்ளாடினார். “அட சாமி, என்ன கனம்!”

கடையே சிரித்தது. குழந்தை அவர் மீசையைப் பிடித்தது பிடித்ததுதான், விடவே இல்லை.

கீறல் முட்டை எனக்கு மிச்சம். இன்று எங்க ஊட்டில் ஆம்லெட். யாரெல்லாம் வாறீங்க?