ஒரு தேக்கரண்டி அலுமினியத் தூள்

சுனாமிக்கு அடுத்த வருசம் சாய்ந்தமருதில் ஒரு பள்ளிக்கூடத்தைத் திருத்தும் வேலைக்கு நான்தான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எனக்கு அது முதல் உத்தியோகம். மாடிக் கட்டடத்தின் தூண்களுக்கு அடியில் மண்ணைக் கடல் அரித்ததில், அத்திவாரத்துக்குக் கீழே முழங்கை வரை போகும் பொந்துகள். அவற்றைச் சீமெந்துக் கூழால் அடைக்க வேண்டும்.

"சீமெந்தைக் கரைச்சு ஊத்தினாச் சரிதானே, மிஸ்" என்றார் பாண்டிருப்பிலிருந்து கொத்து வேலைக்கு வந்திருந்த மேசன் அண்ணன்.

ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தேன். மறுநாள் மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. கூழ் ஒரு விரல் இறங்கியிருந்தது. தூணுக்கு அடியிலும் அப்படி இறங்கினால் அடைத்தும் பயனில்லை.

ஒரு கிழமை முழுக்கப் போத்தல் போத்தலாகக் கலந்து பார்த்தோம். தண்ணீரைக் குறைத்தாலும் கூழை இளக்கி ஓடவைக்கும் திரவம் ஒன்றைச் சேர்த்ததும் இறக்கம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் மயிரிழை இடைவெளி விழுந்தது.

"அப்பத்துக்குச் சோடா போடுற மாதிரி இதைப் பொங்க வைக்க ஏலாதா?" அண்ணன் பகிடிக்குத்தான் கேட்டார். எனக்குப் படித்தது பளிச்சென்று ஞாபகம் வந்தது. அலுமினியத் தூள் சீமெந்தோடு சேர்ந்தால் நுண்குமிழி விட்டு உப்பும்.

கொழும்பில் ஒரு டின் வாங்கி பஸ்ஸில் வந்தேன். சோதனைச் சாவடியில் அதைத் திறந்த அதிகாரியின் முகம் மாறியது. வெடிமருந்துக்கும் போகிற தூள் அது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. காவலரண் ஓரம் சீமெந்து மூட்டை ஒன்று கிடந்தது. அரைகுறைச் சிங்களத்தில், "செய்து காட்டட்டுமா?" என்று கேட்டேன்.

அங்கே கிடந்த வெற்று யோகட் கோப்பையில் விளிம்பு மட்டத்துக்குக் கூழ் ஊற்றினேன். கலந்தது ஒரு சிட்டிகைத் தூள்தான். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அரை மணித்தியாலத்துக்குள் கூழ் விளிம்பைத் தாண்டி எழும்பியது. அவர் சிரித்துவிட்டார்.

"டின்னை விட ஏலாது. உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

"ஒரு தேக்கரண்டி போதும், சேர்."

அவரே அளந்து கடதாசியில் மடித்துத் தந்தார். அடுத்த பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தைக் கைக்குள் பொத்தியபடி வந்தேன். சந்தோசத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

வெயில் ஏறினால் கூழ் குழாய்க்குள்ளேயே உப்பிவிடும் என்று விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த உடனே தொடங்கினோம். ஒரு பக்கத்தால் ஊற்ற, மறுபக்கத் துவாரத்தால் சாம்பல் நிறக் கூழ் மெல்லத் தலைகாட்டியது.

"ஓம் மிஸ், வந்திட்டு" என்று அண்ணன் அந்தத் துவாரத்தை இறுக்கி அடைத்தார்.

நாலாம் நாள் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். எந்தத் தூணடியிலும் உள்ளே வெற்றிடம் இருப்பதைக் காட்டும் பொள்ளல் சத்தம் இல்லை. நான் கேட்காமலே அண்ணன் எல்லாத் தூணையும் இன்னொரு சுற்றுத் தட்டினார். நானும் கூடவே நடந்தேன்.