காளீஸ்வரியின் களப்பணி

கான்சாபுரம் காளீஸ்வரியைப் பற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கல்லூரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வாக்குக் கொடுத்தால் மாற மாட்டாள். அவளும் நானும் மூன்று வருஷம் சமூகவியல் படித்தோம், ஒரே பெஞ்ச். யாராவது என்னிடம் ரகசியம் சொன்னால் மத்தியானம்வரை என் வாய் தாங்காது. அவளிடம் சொன்னால் கிணற்றில் போட்ட கல்தான்.

கடைசி வருஷம் இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆய்வு செய்ய வேண்டும். எங்களுக்கு வழிகாட்டி ஜாஸ்மின் மேடம். காளீஸ்வரி தலைப்போடு வந்து நின்றாள்: தறித் தொழிலாளர் குடும்பங்களில் குடிப்பழக்கம். இடம், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு தெரு. “பாருங்க, என்ன ஒரு சமூக அக்கறை!” என்று மேடம் வகுப்பு முழுக்க அவள் புகழ் பாடினார்.

அக்கறைதான், யார் இல்லை என்றது? அந்தத் தெருவில்தான் விஜயபாண்டி இருந்தான். பேண்டேஜ் யூனிட்டில் சூப்பர்வைசர். காளீஸ்வரியின் அப்பா இருளப்பசாமி அவளுக்குப் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை. குடிகாரனைக் கட்டிக்கொண்டு அவள் சித்தி பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள் அவள். “வேற எந்தக் கொறை இருந்தாலும் பாத்துக்கிடுவேன், பாண்டிசெல்வி. குடி மட்டும் வேணாம்” என்றாள் பஸ்ஸில் போகும்போது. எல்லாரும் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க மாமனையோ சித்தப்பனையோ அனுப்புவார்கள். இவள் கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தானே கிளம்பிவிட்டாள்.

போகும் முன்னால் மேடம் இரண்டு விஷயங்களை எங்கள் மண்டையில் ஏற்றினார். ஒருவர் சொன்னதை அவர் பேரோடு வெளியே விடக் கூடாது. கேள்வி கேட்கும் முன் ஒரு வாசகத்தைச் சொல்ல வேண்டும்: “விருப்பம் இருந்தால் பதில் சொல்லலாம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.” தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி, இதை வீட்டுக்கு வீடு ஒப்பித்தாள் காளீஸ்வரி.

“குடியா? எங்க வீட்டுலயா? அவிய டீயே குடிக்க மாட்டாக” என்றார் முதல் வீட்டம்மா. அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில் கேட்காமலே பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து நற்சான்று கொடுத்தார்கள். அடேயப்பா, அப்படி ஒரு புண்ணிய பூமி! சாக்கடையோரம் கிடந்த காலி பாட்டில்களெல்லாம் வெளியூர்க்காரர்கள் போட்டுவிட்டுப் போனவையாம்.

பெத்தம்மாள் என்ற அம்மாதான் எங்களைத் தனியே கூப்பிட்டார். “மாப்பிள்ள விசாரிக்கத்தானட்டி வந்திருக்கிய?”

“இல்லம்மா, காலேஜுலருந்து வாரோம்” என்றேன்.

“அப்படித்தான் சொல்லுவாக. எம்புட்டுப் பயலுவ கல்யாணமாகாம கெடக்கானுவ தெரியுமா? ஒரு வீடு வாயத் தொறந்தா அம்புட்டுப் பேருக்கும் பொண்ணு வராது. நல்லதா எழுதிக்கிடுங்க” என்று ஆளுக்கொரு கடலைமிட்டாயைக் கையில் திணித்தார். கல்யாண விசாரிப்பு என்று யார் வந்தாலும் தெரு முழுக்கச் சொல்லிவைத்தாற்போல் ஒரே பேச்சு. எங்கள் கேள்விகளைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்கள்!

விஜயபாண்டியின் வீட்டுக்குப் போனபோது அவன் மட்டும்தான் இருந்தான். வாசகத்தை முழுசாகக் கேட்டான். “பேரு வெளிய வராதுல்ல?”

“சத்தியமா வராது” என்றாள் காளீஸ்வரி.

“குடிப்பேன். தெனமும்.” காளீஸ்வரியைப் பார்த்துச் சொன்னான்: “ஒங்க போட்டோ எங்கம்மா போன்ல இருக்கு. ஒங்ககிட்ட மறைக்க வேணாம்னு தோணுச்சு.” சும்மா சொல்லக் கூடாது, எனக்கே மனசு இளகிவிட்டது. ஒரு தெருப் பொய்க்கு நடுவில் ஒரு உண்மை விளம்பி!

ஜாஸ்மின் மேடம் பதில்களைப் புரட்டிப் பார்த்தார். “எல்லாரும் இல்லைங்கறாங்க. இது ஒண்ணு விதிவிலக்கு, நீக்கிரு.”

“அது ஒண்ணுதான் மேடம் உண்மை” என்றாள் காளீஸ்வரி. அதை மேடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் அவள் சொல்லிப் பார்த்தாள், குடிக்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்று. “அவரு குடிப்பாருன்னு ஒனக்கு யாரு சொன்னா?” என்றார் இருளப்பசாமி. பேரைச் சொன்னால் வாக்கு போய்விடும். அவர் நேரே அந்தத் தெருவுக்குப் போய் விசாரித்துவிட்டு, பூரித்துப்போய்த் திரும்பினார். “டீயே குடிக்க மாட்டாராம்ல!” பூ வைத்து உறுதி பண்ண நாளும் குறித்துவிட்டார்கள்.

“ஏட்டி, அவனே ஒத்துக்கிட்டான்னு சொல்லித் தொலையேன்” என்று கத்தினேன்.

“வாக்குக் குடுத்துருக்கேன்ல” என்றாள். அவனுக்கே ஸ்பீக்கரில் போன் போட்டாள். “எங்கப்பாட்ட நீங்களே சொல்லிருங்க.”

“அது ஆராய்ச்சிக்குச் சொன்னதுங்க” என்றான் உண்மை விளம்பி. “வெளிய வராதுன்னு நீங்கதான சத்தியம் பண்ணீங்க? ஒங்ககிட்ட மறைக்கலல்ல, பொறவென்ன?” பாவி! மனசாட்சியை எங்களிடம் இறக்கி வைத்துவிட்டு வாயைக் கட்டிப் போட்டுவிட்டான். அவன் போனில் இருந்தான், இல்லையென்றால் அறைந்திருப்பேன்.

பூ வைக்கிற அன்று தெருவே வேன் பிடித்து கான்சாபுரத்துக்கு வந்துவிட்டது. பெத்தம்மாள் மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “பொண்ணுட்டயும் ஒரு வார்த்த கேட்டுருவோம். சம்மதந்தானத்தா?” என்றார். வழக்கத்துக்குக் கேட்பது. தலையைக் குனிந்தாலே போதும், பூ வைத்துவிடுவார்கள்.

காளீஸ்வரி தலையைக் குனியவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே கத்துவாளே, அதே குரல்.

“விருப்பம் இருந்தால் பதில் சொல்லலாம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “எனக்கு விருப்பமில்ல. நான் விலகிக்கிடுதேன்.”

“கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? என்ன காரணம், சொல்லு!” என்று கை ஓங்கினார் இருளப்பசாமி. “காரணம் சொல்ல வேண்டியதில்லை” என்றாள் மறுபடியும். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவரும் காரணம் கேட்கவில்லை. அந்த வாசகத்தை வீட்டுக்கு வீடு கேட்டவர்கள்தானே எல்லாரும்! விஜயபாண்டி எழுந்து போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டான். பெத்தம்மாள் சரத்தை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

எங்கள் ஆய்வுக்குத்தான் துறையில் முதல் பரிசு கிடைத்தது. அந்தத் தெருவில் குடிப்பழக்கம் அறவே இல்லை என்பது முடிவு. காளீஸ்வரி இப்போது மதுரையில் எம்.ஏ. படிக்கிறாள். யார் சொன்னது என்று அவள் அப்பா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அவள் இன்னும் சொல்லவில்லை. எனக்குத்தான் வாய் தாங்கவில்லை, உங்களிடம் சொல்லிவிட்டேன். ஆனால் நானும் அதே மேடத்திடம் படித்தவள்தான். அவன் பேர் விஜயபாண்டி இல்லை.